மழை வரும் என்றார்கள் – யாருக்குச் சொன்னார்கள்?

2025 மே 19, திங்கட்கிழமை. முந்தைய இரவு தொடங்கிய மழை பெங்களூரை மூழ்கடித்திருந்தது. காலை ஏழு மணிகூட ஆகவில்லை. மகாதேவபுரா பக்கம் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வந்த பெண்மணி ஒருவர்மீது, தண்ணீரில் ஊறிய சுற்றுச்சுவர் சரிந்து விழுந்தது. அவர் மாண்டார். அன்றே பி.டி.எம். லேஅவுட் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் பாய்ந்து முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர்.

மழை வரும் என்று வானிலைத் துறை முன்பே சொல்லியிருந்தது. அந்த வாரம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, "அலுவலகம் வரவேண்டாம், வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்" என்று தம் ஊழியர்களுக்கு அறிவித்தன. நல்லதுதான்; எவர் உயிரும் உயிர்தான். ஆனால் அந்த அலுவலகங்களைப் பெருக்குகிறவர்களிடம் "வீட்டிலிருந்தே பெருக்குங்கள்" என்று சொல்ல முடியுமா? கொத்தனாரும் சித்தாளும் வீட்டில் உட்கார்ந்தபடி சுவர் எழுப்ப முடியுமா? சிட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரும், விடியுமுன் தெருக் கூட்டுகிறவரும், தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவரும் எந்த வீட்டிலிருந்து எந்த வேலையைச் செய்வார்கள்?

ஆகவே நாம் கேட்கிறோம்: மழை வரும் என்று சொன்னார்களே, அதை யாருக்குச் சொன்னார்கள்?

அறிவிப்புக்குப் பஞ்சமில்லை

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆட்சியாளர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "எதிர்பாராத மழை, வரலாறு காணாத மழை." இந்தப் பாட்டை நாம் கொஞ்சம் நிறுத்திவைத்து, உண்மை என்ன என்று பார்ப்போம்.

இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் அதற்கு உண்டு. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை, 115.6 மில்லிமீட்டரைத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை என்று வரையறை வைத்திருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து எச்சரிக்கை விடுகிறது. இது போதாதென்று கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் நகரமெங்கும் தானியங்கி மழைமானிகளை நிறுவியுள்ளது; பெரிய கால்வாய்களில் நீர்மட்டம் காட்டும் கருவிகளைப் பொருத்தியுள்ளது. இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு, எந்த இடத்தில் தண்ணீர் ஏறும் என்று காட்டுகிற "மேக சந்தேசா" என்னும் அலைபேசிச் செயலியையும் 2020-இல் வெளியிட்டது. கருவிகளுக்குக் குறைவில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தி வேறொன்று. 2025 மே மாத வெள்ளத்தின்போது துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் ஒரு கணக்குச் சொன்னார்: நகரில் வெள்ளம் தேங்கும் இடங்கள் 210 என்று கண்டறிந்திருக்கிறோம், அவற்றில் 166 இடங்களைச் சரிசெய்துவிட்டோம் என்றார். 166 என்பதை அந்த மழையில் நனைந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். நாம் பிடித்துக்கொள்வது 210-ஐ! ஆக, தண்ணீர் எங்கே நிற்கும் என்பது அரசுக்குத் தெரியும். தெருப் பெயரோடு தெரியும். எந்த நாளில் நிற்கும் என்பதை வானிலைத் துறை சொல்லிவிடுகிறது. இடமும் தெரியும், நாளும் தெரியும் என்றால் "எதிர்பாராதது" என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். கோடை இடிமழையின் குணம் அலாதியானது. கெங்கேரியில் கொட்டும், ஹலசூரில் மண் நனையாது. "நாளை நகரில் இடியுடன் மழை" என்று ஒரு நாள் முன்பே சொல்லலாம். எந்தப் பேட்டையில், எத்தனை மணிக்கு என்பதை மேகம் திரண்ட பிறகு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்ல முடியும். வானிலை அலுவலர் மந்திரவாதி அல்லர். ஆனால் பம்பு செட்டைக் கொண்டுபோய் வைக்கவும், சுரங்கப் பாதையின் இருபுறமும் தடுப்புப் போட்டு அடைக்கவும் இரண்டு மணி நேரம் போதாதா? 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் தேங்கிய மழை நீரில் கார் மூழ்கி, இருபத்திரண்டு வயது இளம்பெண் ஒருவர் இறந்தார். விதான சௌதாவிலிருந்து நடந்து போகும் தூரம்! அந்தப் பாதையை அடைக்க ராடாரா வேண்டும்? ஒரு கயிறும், அதைக் கட்ட வேண்டியவர் இன்னார் என்ற உத்தரவும் போதும்.

பனி பெய்யும் ஊர்களின் பாடம்

பெங்களூரில் பனிப்புயல் இல்லை. ஆனால் பனிப்புயல் அடிக்கிற ஊர்களின் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. அங்கேயும் இதே கேள்விதான்: சொன்ன பிறகு செய்தது என்ன?

2014 ஜனவரி 28. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அட்லாண்டா நகரில் நாலு விரற்கடை உயரம்கூட இல்லாத பனி பெய்தது. அதற்கே அந்த மாநகரம் முடங்கியது. அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டதால் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. ஆயிரக்கணக்கானோர் இரவு முழுதும் வண்டியில் கிடந்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்திலேயே படுத்தார்கள். ஆளுநர் முதலில் சொன்னது என்ன? "எதிர்பாராத பனி." ஆனால் வானிலை நிலையமோ அன்று விடியுமுன்பே எச்சரிக்கை விட்டிருந்தது. நாடே கேள்வி கேட்டது. சில நாளில் அதே ஆளுநர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பாட்டு பெங்களூர்ப் பாட்டேதான். முடிவு மட்டும் வேறு.

அடுத்த ஆண்டு, 2015 ஜனவரியில், நியூயார்க்கில் இரண்டு மூன்று அடிப் பனி விழும் என்றார்கள். சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். நகரின் நடுப்பகுதியில் விழுந்ததோ ஓர் அடிக்கும் குறைவு. ஊர் சிரித்தது. ஆனால் கணிப்பு பொய்த்த நாளில் நட்டம் ஒரு நாள் வேலை. ஆயத்தம் பொய்த்த நாளில் நட்டம் உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

மூன்றாவது கதைதான் பெரிய கதை. 1979 ஜனவரி நடுவில் சிகாகோ நகரில் ஒன்றரை அடிக்கு மேல் பனி கொட்டியது. தெருக்கள் நாள்கணக்கில் திறக்கவில்லை, குப்பை அள்ளவில்லை. நகர ரயில், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் ஓடியது. குளிரில் நின்ற உழைப்பாளி, தன் கண்ணெதிரே நிற்காமல் போன ரயிலைப் பார்த்தார். மறக்கவில்லை. ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு வந்தது. பதவியில் இருந்த மேயர் பிலாண்டிக், அசைக்கவே முடியாதென்று பெயரெடுத்த கட்சி இயந்திரத்தின் ஆள், தோற்றார். வென்ற ஜேன் பர்ன் அந்த நகரத்தின் முதல் பெண் மேயரானார்.

பனியை மேயர் பெய்விக்கவில்லை. மக்கள் பனிக்காகத் தண்டிக்கவில்லை, பாராமுகத்துக்காகத் தண்டித்தார்கள். அதன்பின் அந்த ஊரில் எந்த மேயராவது பனியைப் பற்றி அலட்சியமாக இருக்கத் துணிவாரா?

வாக்குச் சீட்டு இல்லாத மாநகரம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 வெள்ளம் வந்தது. 2023, 2024, 2025 வெள்ளங்கள் வந்தன. மாநகராட்சித் தேர்தல் மட்டும் வரவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாக உடைத்து, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்ற ஒன்றை ஏற்றி வைத்தார்கள். அப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊரில், தெரு மோரி அடைத்தால் கதவைத் தட்டிக் கேட்க ஒரு மக்கள் பிரதிநிதி இல்லாமல் ஐந்து வெள்ளக் காலங்கள் ஓடின.

இதில் எந்தக் கட்சியும் உத்தமக் கட்சி இல்லை. 2022 செப்டம்பரில் பா.ஜ.க. ஆட்சி. செப்டம்பர் 4 இரவு பெய்த மழை 131.6 மில்லிமீட்டர். வெளிவட்டச் சாலையில் படகு ஓடியது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படம் உலகமெல்லாம் வந்தது. மண்டியா மாவட்டத்து டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்திலும் வெள்ளம் புகுந்து, பெங்களூருக்கு வரும் காவிரிக் குடிநீர் நின்றது. கழுத்தளவு தண்ணீரில் குடிக்கத் தண்ணீர் இல்லை! அன்றைய முதலமைச்சர் பொம்மை, தொண்ணூறு ஆண்டு காணாத மழை என்றார். முந்தைய காங்கிரஸ் ஆட்சியின் சீர்கேடு என்றார். 2025 மே மாதம் காங்கிரஸ் ஆட்சி. இது இன்று வந்த பிரச்சினையா, பல ஆண்டுகளாக வந்த அரசுகள் புறக்கணித்ததல்லவா என்றார்கள். நாற்காலி மாறியது, சாக்கு மாறவில்லை. அதே 2025-இன் தொடக்கத்தில், கடவுளே இறங்கி வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் பெங்களூரை மாற்ற முடியாது என்று துணை முதலமைச்சர் ஒரு கூட்டத்தில் பேசினார். ஐயா, கடவுளை நாங்கள் கூப்பிடவில்லை. நாங்கள் கேட்பது கவுன்சிலரை!

ஆக்கிரமித்தவர் யார்?

வெள்ளம் வடிந்ததும் அடுத்த பாட்டு வரும்: "கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர்களால் வந்த வினை." இதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் குடிசைகளில் இருப்பவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

பெங்களூருக்கு ஆறு இல்லை. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்து மேட்டின் மேல் அமர்ந்த ஊர். பெய்த மழை விருஷபாவதி, கோரமங்கலா–சல்லகட்டா, ஹெப்பாள் என்ற மூன்று பள்ளத்தாக்குகள் வழியே இறங்க வேண்டும். முன்னோர் இந்தச் சரிவுகளில் ஏரிக்குப் பின் ஏரியாக வெட்டினார்கள். ஓர் ஏரி நிறைந்தால் கோடி வழியாகத் தண்ணீர் ராஜகாலுவேயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். கோரமங்கலாத் தண்ணீர் பெல்லந்தூருக்கும் வர்த்தூருக்கும் போய், தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வரும். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து நாம் பிழைக்க வந்த வழியிலேயே அந்தத் தண்ணீர் நம் ஊர்களுக்குத் திரும்பிப் போகிறது. இன்று நுரையும் நஞ்சுமாகப் போகிறது.

அந்த ஏரிகள் எங்கே? தர்மாம்புதி ஏரியின் மீது கெம்பேகவுடா பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. சல்லகட்டா ஏரியில் கனவான்கள் கால்ஃப் ஆடுகிறார்கள். இவையெல்லாம் குடிசைவாசிகள் தூர்த்தவையா?

2021-இல் வெளிவந்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை கால்வாய்களை அளந்து கணக்குச் சொன்னது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோரமங்கலாப் பள்ளத்தாக்கில் 113 கிலோமீட்டர் நீளமாக இருந்த கால்வாய்கள் 2016-17-இல் ஏறக்குறைய 63 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டன. விருஷபாவதியில் 226 கிலோமீட்டர் 112 ஆயிற்று. பாதிக் கால்வாயைக் காணவில்லை! அதைக் குடிசைக்காரன் மடித்து மூட்டை கட்டி எடுத்துப்போனானா? வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தது யார், பத்திரம் பதிந்தது யார், அந்த மனைகளை விற்றுக் கொழுத்தது யார்?

கால்வாய் போனால் தண்ணீர் என்ன செய்யும்? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். 6,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் பதினாறாயிரத்துச் சொச்சம் லாரி. மண்ணும் ஏரியும் இருந்தால் குடிக்கும். சிமெண்டும் தாரும் குடிக்குமா? அது தாழ்ந்த இடம் தேடி ஓடும். தாழ்ந்த இடத்தில் யாரைக் குடிவைத்திருக்கிறார்கள்? நம்மை. 2013 ஜனவரியில் ஈஜிபுரா குடியிருப்பை இடித்து, சுமார் 1,500 குடும்பங்களைக் குளிரில் தெருவில் தள்ளினார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரின் நடுவிலிருந்து விரட்டப்பட்டவர் கால்வாய் ஓரத்திலும் ஏரிக் கரையிலும்தான் ஒண்ட முடியும். முதலில் பள்ளத்தில் தள்ளுவது. பிறகு பள்ளத்தில் ஏன் இருக்கிறாய் என்று கேட்பது. இதற்குப் பெயர் நகரத் திட்டம்!

ஏழை மாநிலம் செய்து காட்டியது

"பெரிய ஊர், பணம் போதாது" என்பார்கள். ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அந்த மாநிலம் பாடம் கற்றது. கடலோரமெங்கும் புயல் காப்பகம் கட்டினார்கள். ஊருக்கு ஊர் தொண்டர்களைப் பழக்கினார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. எச்சரிக்கை வந்ததும் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், கிழவியை யார் தூக்கி வர வேண்டும், எங்கே சோறு வேகும் என்று எழுதிவைத்திருந்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அந்த ரகசியம் விதான சௌதாவுக்குத் தெரியாததல்ல. பெங்களூரில் எச்சரிக்கை என்பது ஒரு நிறம்; ஒடிசாவில் அது ஒரு கடமை. வேறுபாடு இதுதான்.

நாம் கேட்பது

ஆகவே, "இன்னும் நல்ல கணிப்பு வேண்டும்" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள மாட்டோம். கணிப்பு மேலும் கூர்மையாகட்டும், வரவேற்கிறோம். ஆனால் கேட்பாரற்ற கணிப்பு எவ்வளவு கூர்மையானாலும், செத்தவர் வீட்டுக்கு முன்கூட்டியே அச்சடித்த துக்கப் பத்திரிகைதான். நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: சிவப்பு எச்சரிக்கை நாள் கூலியோடு கூடிய விடுமுறை நாளாக வேண்டும். கட்டட வேலை, துப்புரவு, சுமைப்பணி அனைத்துக்கும் இது பொருந்த வேண்டும். பணம் எங்கே என்று கேட்காதீர்கள். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலித்த தொழிலாளர் நல நிதி இருக்கிறது. 2021 நவம்பரில் டெல்லியில் காற்று மாசுக்காகக் கட்டட வேலைகள் நிறுத்தப்பட்டபோது, அந்த நிதியிலிருந்து தொழிலாளருக்கு வாழ்க்கைப்படி கொடுக்க உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. புகைக்குக் கொடுக்கலாம் என்றால் வெள்ளத்துக்கு ஏன் கூடாது? 2024 அக்டோபர் மழையில் பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து, பிழைப்புக்கு ஊர்விட்டு வந்த தொழிலாளர்கள் மாண்டார்களே, அவர்கள் உழைப்பிலும் சேர்ந்த நிதியல்லவா அது!

இரண்டு: எச்சரிக்கை அலைபேசித் திரையோடு நிற்கக் கூடாது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ குடிசைப் பகுதிகளுக்குள் வர வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும் சொல்ல வேண்டும். வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை.

மூன்று: 210 இடங்களின் பட்டியலை வார்டு வாரியாக அச்சிட்டுப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பான பொறியாளர் யார், பம்பு எங்கே, சாப்பாட்டோடு தங்க வைக்கும் பள்ளிக்கூடம் எது என்று அதில் இருக்க வேண்டும்.

நான்கு: ராஜகாலுவே மீட்பு மேலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பெரிய மாளிகைகள். கடைசியில், மாற்று வீடு அருகிலேயே கொடுத்த பிறகு மட்டும், குடிசைகள்.

ஐந்து: நகரத்தை ஆள்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். இனி ஒருபோதும் தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட இடம் தரக் கூடாது.

தோழர்களே! இவை தமிழருக்கு மட்டுமான கோரிக்கைகள் அல்ல. ராய்ச்சூரிலிருந்தும் யாத்கீரிலிருந்தும் வந்த கன்னடத் தொழிலாளியும், அனந்தப்பூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவரும் அதே மோரிக்கரையில் அதே தண்ணீரில் நிற்கிறார்கள். நம்மை மொழியால் பிரித்து ஆதாயம் தேடுகிறவர்கள் உண்டு. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் நாம் மறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கும்போது நாம் மொழி கேட்டதில்லை. கோரிக்கை வைக்கும்போதும் கேட்க வேண்டாம்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் தெருவில் பத்துப் பேர் கூடுங்கள். தண்ணீர் எங்கே ஏறுகிறது, எந்த மோரி அடைத்திருக்கிறது, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று எழுதுங்கள். அந்தத் தாளை மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுமுறை எவரும் "எதிர்பாராதது" என்று வாய் திறந்தால், நாள் குறித்த அந்தத் தாளை அவர் முன் விரிப்போம்.

சிகாகோ மக்கள் நிற்காமல் போன ரயிலை மறக்கவில்லை. சுவர் விழுந்து மாண்ட அந்தப் பெண்மணியை நாமும் மறக்கப் போவதில்லை.